வெந்நீர் கீசரும் வாசனையில்லாத விஷமும்!

மார்கழி மாதத்து ஓசூர்க் குளிரை அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். சிப்காட்டில் காலை ஷிப்டுக்குப் போகிறவருக்கு விடியுமுன்பே வெந்நீர் வேண்டும். கேஸ் கீசரைப் போடுகிறோம். 'குளிர் உள்ளே வருதே!' என்று பாத்ரூம் வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்துவிடுகிறோம். வம்பே அங்கேதான் ஆரம்பம்.

எரிவது என்றால் என்ன? எரிபொருளில் உள்ள கார்பனும் ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து வெப்பத்தை வெளியிடுவதுதான். கார்பன் கரியமில வாயு ஆகிறது. ஹைட்ரஜன் தண்ணீர் ஆகிறது. (சில்லென்ற பாத்திரத்தை அடுப்பில் வைத்ததும் அடியில் ஈரம் கோத்துக்கொள்கிறதே, அது இந்தத் தண்ணீர்தான்!) 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று முழுசாக எரிய ஏறக்குறைய 51 கிலோ ஆக்ஸிஜன் வேண்டும். எரிந்து முடிந்தால் சுமார் 43 கிலோ கரியமில வாயு, 22 கிலோ தண்ணீர். அத்தனை ஆக்ஸிஜனும் நம் வீட்டுக் காற்றிலிருந்துதான் போகிறது.

அடைத்த அறையில் அது போதாமல் போனால்? ஒரு கார்பனுக்கு இரண்டு ஆக்ஸிஜன் அணு கிடைக்க வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று கிடைக்கும். அப்படிப் பிறப்பதுதான் கார்பன் மோனாக்ஸைடு. நீல ஜுவாலை மஞ்சளாவதும், கரி படிவதும் இதற்கு அறிகுறி. 'கேஸ் வாசனையே வரலையே' என்று நிம்மதி அடையாதீர்கள். அந்த வாசனை, கசிவைக் காட்டிக்கொடுக்கச் சிலிண்டரில் கலக்கிற மெர்காப்டனுடையது. மோனாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது.

நம் ரத்தத்து ஹீமோகுளோபினுக்கோ ஆக்ஸிஜனைவிட இதன்மேல் 200 மடங்குக்கு மேல் பிரியம்! பிடித்தால் லேசில் விடாது. முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். 'பித்தம்' என்று நினைத்துக்கொள்வோம். பிறகு கை கால் ஓய்ந்து, தாழ்ப்பாளைத் திறக்கக்கூடத் தெம்பிருக்காது. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை நம்ப வேண்டாம். மோனாக்ஸைடு ஏறிய ரத்தத்தையும் அது நல்ல ரத்தமாகவே காட்டும்.

கரியடுப்பு இன்னும் மோசம். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், அறைக்குள் பார்பிக்யூ கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கிய இரண்டு இளைஞர்கள் எழுந்திருக்கவே இல்லை. தணல் அணைந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே எரிந்துகொண்டேதான் இருக்கும்.

கேஸ் கீசரைப் பாத்ரூமுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டுங்கள். ஏற்கெனவே உள்ளே மாட்டியாகிவிட்டதா? மாற்றும்வரை, கதவைத் திறந்து வைத்து வாளியில் வெந்நீரைப் பிடித்து, கீசரை அணைத்து, சற்றுப் பொறுத்துக் குளியுங்கள். வென்டிலேட்டர் எப்போதும் திறந்தே இருக்கட்டும்.

உள்ளே போனவர் கதவைத் தட்டியும் பதில் தரவில்லையா? கதவை உடைத்தாவது வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள். கேஸை மூடி, 108-ஐக் கூப்பிடுங்கள். 'தெளிஞ்சிட்டேன், ஆஸ்பத்திரி வேண்டாம்' என்று அவரே சொன்னாலும் கேட்காதீர்கள். வெறும் காற்றில் ரத்தத்திலுள்ள மோனாக்ஸைடு பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். மாஸ்க் வைத்துச் சுத்த ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் குறையும்.