பழைய மோட்டாரும் புதிய உறுப்பும்

பழைய ஆடையின் கிழிசலுக்குப் புதுத்துணியால் ஒட்டுப்போட்டால், அவ்வொட்டே ஆடையைப் பின்னும் பெரிதாகக் கிழித்துவிடும் என்னும் கருத்தமைந்த உவமையை நாம் ஆலயத்திற் பலகாற் கேட்டிருக்கின்றோம். அதனை மோட்டார் வண்டிக்குப் பொருத்திப் பார்த்தல் சிலர்க்கு நகையை விளைக்கலாம். ஆயினும் பழைய மோட்டார் வைத்து ஓட்டுவோர் நாடோறும் எதிர்ப்படும் வினா இதுவே. வண்டியின் பழமை கெடாமல், இக்காலச் சாலைக்கு வேண்டிய புதிய உறுப்புகளை அதனுள் அமைப்பது எங்ஙனம்? அவற்றைப் பிறர் கண்ணுக்குப் புலப்படாமல் அமைத்தல் கலையோ, கரவோ?

வின்டேஜ் என்னும் சொல்லை இங்கிலாந்தில் இத்துறை வல்லார் 1919 முதல் 1930 வரை கட்டப்பட்ட வண்டிகளுக்கே உரியதாகக் கொள்வர். பொதுமக்களோ பழைய வண்டி எதனையும் அப்பெயரால் அழைப்பர். நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது அவ்வரம்புக்குப் பிற்பட்டதாயினும், இவ்வினாவை நன்கு விளக்கவல்ல மாரிஸ் மைனர் என்னும் சிறு வண்டியாகும். அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த அவ்வண்டி 1948ஆம் ஆண்டில் வெளிவந்தது. பிரிட்டனிற் செய்யப்பட்ட மோட்டார்களுள் பத்து லட்சம் என்னும் எண்ணிக்கையை முதன்முதல் எட்டியது அதுவே. காட்சிப்பொருளாக மாத்திரம் வையாமல் கடைக்குங் கோயிலுக்கும் அதனை ஓட்டிச் செல்வார் இன்னும் உளர்.

முதலாவது, எரிபொருளைக் கருதுவோம். முற்காலப் பெட்ரோலிற் கலந்திருந்த ஈயம், புகை வெளியேறும் வால்வு அமரும் இடத்தில் மெல்லியதாகப் படிந்து, அவ்விடம் தேயாமற் காத்துவந்தது. ஈயம் நச்சுப்பொருளாதலின் பிரிட்டனிலும் நம் நாட்டிலும் 2000ஆம் ஆண்டில் அது விலக்கப்பட்டது. மக்களுக்கு நன்மையாய் முடிந்த அச்செயல் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினுக்குத் தீங்காயிற்று. காப்பு நீங்கவே, வால்வு அமரும் இடம் சிறிது சிறிதாகத் தேயலாயிற்று. பட்டறையில் அவ்விடத்தைக் கடைந்து கடினமான எஃகு வளையத்தைப் பதித்துவிட்டால் அக்குறை நீங்கும். எஞ்சினைப் பிரித்தாலன்றி அம்மாற்றத்தை எவரும் காணார். பெட்ரோலில் எதனால் என்னும் சாராயச்சத்து மிகுந்துவரும் இந்நாளில் பழைய ரப்பர்க் குழாய்களையும் மாற்றவேண்டும். புதிய குழாய்க்கு முன்னையதைப் போன்ற நூற்பின்னல் உறை வாய்ப்பின் தோற்றமும் கெடாது.

மின்சாரப் பகுதியில் ஒட்டுப்போடுதல் அத்துணை எளிதன்று. பழைய டைனமோ, எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது போதிய மின்சாரத்தைத் தருவதில்லை. இரவில் வண்டி நின்றவுடன் விளக்கும் மங்கிவிடும். ஆதலின் பலர் ஆல்ட்டர்னேட்டரை நாடுகின்றனர். மைனரிலோ பாட்டரியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டது. இக்கால ஆல்ட்டர்னேட்டர்களுட் பெரும்பாலானவை எதிர்முனை அங்ஙனம் இணைந்திருத்தலை வேண்டுவன. இதனை அறியாது இணைத்தால் புதிய உறுப்பு நொடிப்பொழுதில் எரிந்துபோகும். பழைய மெல்லிய கம்பிகள் மிகுதியான மின்னோட்டத்தைத் தாங்கமாட்டாமையின் அவற்றையும் மாற்றுதல் வேண்டும். ஓர் ஒட்டு மற்றோர் ஒட்டை அழைத்து வருதலை ஈண்டுக் காண்க. டைனமோவின் உருளையுருவத்துள்ளேயே ஆல்ட்டர்னேட்டரை அடக்கிச் செய்து விற்பாரும் உளர். எஞ்சின் மூடியைத் திறந்து நோக்குவார்க்கும் ஐயம் எழாது.

இனி, உயிரோடு தொடர்புடைய பிரேக்கைக் கருதுவோம். மைனரின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே உள்ளன. அவற்றிற்கு எண்ணெயைச் செலுத்தும் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தளத்தின்கீழ் அமைந்தது. நான்குக்கும் வழி ஒன்றேயாதலின், ஓரிடத்தில் எண்ணெய் ஒழுகின் நான்கும் ஒருங்கே வலியிழக்கும். முன்செல்லும் இக்கால வண்டி குறுகிய தொலைவில் நின்றுவிட, பின்வரும் மைனர் அங்ஙனம் நிற்கமாட்டாது. அவ்விடத்து வருந்துவோன் பழமையை விரும்பிய உரிமையாளன் மாத்திரமல்லன். வேறொருவர் பிள்ளையாகவும் இருக்கலாம். ஆகவே பிரேக்கை மாற்றுதல் பழமைக்குச் செய்யும் குற்றமென்பார் கூற்று நமக்கு உடன்பாடன்று.

1962இல் எஞ்சினைப் பெரிதாக்கியபோது, அதைச் செய்தவர்களே முன் டிரம்மின் குறுக்களவை 7 அங்குலத்தினின்று 8 அங்குலமாக உயர்த்தினர். அப்பெரிய டிரம்மை அதற்குரிய துணையுறுப்புகளோடு முந்திய மைனருக்கு அமைத்தல் அதே தறியில் நெய்த துணியால் ஒட்டுப்போட்டதை ஒக்கும். நம் கருத்தில் இதுவே முதற்கண் செய்யத்தக்கது. அதனினும் வலிய டிஸ்க் பிரேக்கை முன்சக்கரத்தின் பின்னே மறைவாக அமைப்பாரும் உளர். ஆனால் டிரம்முக்கென்று செய்த மாஸ்டர் சிலிண்டரிலுள்ள சிறு வால்வு குழாயிற் சிறிதழுத்தத்தை எப்பொழுதும் நிறுத்திவைக்கும். அதனை நீக்காவிடில் டிஸ்க்கின் கட்டைகள் ஓயாது உராய்ந்து சூடேறும். பிரேக்கைத் தொடாமல் எஞ்சினை மாத்திரம் பெரிதாக்குவாரை என்னென்பது!

இனிக் கரவைப்பற்றிய வினா. ஏடு பதிப்பிக்கும் அறிஞர், சிதைந்த பாடத்தைத் திருத்துங்கால், ஏட்டிற் கண்ட பாடத்தை அடிக்குறிப்பிற் காட்டுவர். காட்டாமல் திருத்துவாரை நம் ஆசிரியர்கள் எங்ஙனம் கடிவர் என்பதை நாம் நன்கறிவோம். மோட்டாருக்கும் அதுவே முறை. பழைய வண்டிகளைப் போற்றும் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு, பழங்கட்டடங்களைக் காப்பதற்கென 1964இல் வெனிசில் வகுத்த சாசனத்தைத் தழுவி, தூரின் நகரின் பெயரால் ஒரு சாசனம் வகுத்துள்ளது. மாற்றம் இன்றியமையாதவிடத்துப் பழைய தோற்றம் கெடலாகாது என்பதும், கழற்றிய பழைய உறுப்பை வண்டியோடு வைத்துக் காத்தல் வேண்டும் என்பதும் அதன் கருத்துகள். வழிப்போக்கன் கண்ணுக்கு மறைத்தல் தகும். வாங்குவோனுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் மறைத்தல் தகாது.

நம் நாட்டில் 2021ஆம் ஆண்டு விதிகள் 50 ஆண்டு கடந்த வண்டிக்கு விஏ என்னும் எழுத்துகளோடு தனிப்பதிவு தருகின்றன. அடிச்சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றிற் பெருமாற்றம் கூடாதென்பது அவற்றின் நிபந்தனை. ஆதலின் விதியைப் படித்தபின்னரே பட்டறைக்குச் செல்க. செய்த மாற்றங்களை நாளும் அளவும் குறித்து ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதி வண்டியிலேயே வைத்திருக்க. கழற்றிய டைனமோவை எண்ணெய் பூசித் துணியிற் சுற்றிப் பெயர்ச்சீட்டுக் கட்டி வைக்க; அடுத்த உரிமையாளர் அதனை மீண்டும் பூட்ட விரும்பக்கூடும்.