இ.எஸ்.ஐ. கார்டு மருந்துக்கு மட்டும்தானா?

“மஞ்சள் காமாலைன்னு அவர் நாப்பது நாள் படுத்துட்டார், அக்கா. கையில லீவு இல்ல, சம்பளமும் வரல. வாடகைக்கும் பாலுக்கும் என் சங்கிலிதான் அடகுக் கடைக்குப் போச்சு.”

பக்கத்துத் தெருப் பெண் இப்படிச் சொன்னபோது, “சம்பளத்துல இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்களா?” என்று கேட்டேன்.

“பிடிக்கிறாங்க. ஆனா அங்க போய் யாரு வரிசையில நிக்கிறது? வீட்டுலயே கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்துப் பத்தியம் இருந்தோம். சரியாயிடுச்சு.”

உடம்பு சரியானது நல்லதுதான். ஆனால், அவருக்கு வந்திருக்க வேண்டிய பணம்? அவருடைய சராசரி தினச் சம்பளம் 600 ரூபாய். அதில் 70 சதவீதம், நாளொன்றுக்கு 420 ரூபாய். முதல் இரண்டு நாளைக் கழித்தால் 38 நாளுக்கு 15,960 ரூபாய்! சங்கிலி கழுத்திலேயே இருந்திருக்கும்.

இ.எஸ்.ஐ. என்றால் மாத்திரை, மருந்து, டிஸ்பென்சரி என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நோயால் சம்பளம் நின்றுபோனால் அந்த இடத்தில் பணம் கொடுப்பதும் அதே திட்டம்தான். ஆனால் அது தானாக வீடு தேடி வராது. தகுதி என்ன, எப்படிக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

யாருக்கு இது உண்டு?

1948-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தொடங்கிய திட்டம் இது. தமிழ்நாட்டில் 1955-ல் கோயம்புத்தூரில் முதலில் வந்தது. இப்போது 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்கீழ் நடக்கிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலை, கடை, ஓட்டல், தனியார் பள்ளி, தனியார் மருத்துவமனை போன்ற இடங்களில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் இதில் சேருவார்கள். மாற்றுத் திறனாளிகளுக்கு இந்த வரம்பு 25,000 ரூபாய்.

சந்தா எவ்வளவு? 2019 ஜூலை முதல் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 16,000 ரூபாய் சம்பளம் என்றால் உங்களிடம் பிடிப்பது 120 ரூபாய், நிறுவனம் போடுவது 520 ரூபாய். இடையில் சம்பளம் உயர்ந்து 21,000-ஐத் தாண்டினாலும், அந்த ஆறு மாதச் சந்தாக் காலம் முடியும்வரை நீங்கள் திட்டத்தில்தான் இருப்பீர்கள்.

78 நாள் கணக்கு

சந்தா கட்டும் காலம் வேறு, பலன் பெறும் காலம் வேறு. இங்கேதான் பலருக்கும் குழப்பம்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு, அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரை பலன். நடுவில் மூன்று மாத இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள்.

சந்தாக் காலத்தின் ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சம்பளம் பெற்றுச் சந்தா கட்டியிருந்தால், அதற்குரிய பலன் காலத்தில் நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் பலன் காலம் ஒன்பது மாதம் கழித்தே தொடங்கும். ஆகவே சேர்ந்த மாதமே காய்ச்சல் வந்தால் மருந்து கிடைக்கும், பணம் கிடைக்காது.

தொகை சராசரி தினச் சம்பளத்தில் 70 சதவீதம். அடுத்தடுத்த இரண்டு பலன் காலங்களில் மொத்தம் 91 நாள் வரை பெறலாம். முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை. ஆனால் ஒருமுறை குணமாகி, பதினைந்து நாளுக்குள் மறுபடி படுத்தால் இந்த இரண்டு நாள் கழிவும் கிடையாது.

நீண்ட நோய் என்றால்?

காசநோய், புற்றுநோய், தொழுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, பக்கவாதம், சில மனநோய்கள் என்று 34 நோய்களுக்கு 91 நாளோடு கதவை மூடிவிடுவதில்லை. நீட்டித்த நோய்க்கால உதவித்தொகை என்று ஒன்று உண்டு. இதில் 80 சதவீதம் தருகிறார்கள். இரண்டு ஆண்டு வரை நீடிக்கலாம். இதற்கு இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். கடந்த நான்கு சந்தாக் காலங்களில் 156 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும்.

குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சைக்கு முழுச் சம்பளமே உண்டு. ஆணுக்கு 7 நாள், பெண்ணுக்கு 14 நாள்.

தாய்மார்கள் கவனிக்க!

வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மகப்பேறு உதவித்தொகை முழுச் சம்பள அளவில் 26 வாரம். 2017-க்கு முன்பு இது 12 வாரமாகத்தான் இருந்தது. முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் சேர்த்து 70 நாள் சந்தா இருந்தால் போதும். 600 ரூபாய் தினச் சம்பளம் என்றால் 182 நாளுக்கு 1,09,200 ரூபாய். பிரசவத்துக்கு எட்டு வாரம் முன்பிருந்தே பெறலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். கருச்சிதைவுக்கு 6 வாரம். கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ உடல்நலம் கெட்டால் மேலும் ஒரு மாதம்.

வேலையில் அடிபட்டால்?

வேலையினால் ஏற்பட்ட விபத்துக்கு 78 நாள் கணக்கே கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. குணமாகும்வரை 90 சதவீதம். உயிர் போய்விட்டால் மனைவி மக்களுக்கு மாதாமாதம் பென்ஷன் போல் அதே 90 சதவீதத்தைப் பங்கிட்டுத் தருவார்கள். விபத்து நடந்ததும் நிறுவனத்தின் விபத்துப் பதிவேட்டில் எழுத வைத்துவிடுங்கள். ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்று விட்டால் நிரூபிப்பது கஷ்டம்.

எப்படிக் கேட்பது?

1. படுத்த முதல் நாளே டிஸ்பென்சரி டாக்டரிடம் காட்டி, மருத்துவச் சான்றிதழ் வாங்குங்கள். பணத்துக்கு ஆணிவேர் இதுதான். அவசரத்துக்குத் தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தால், அந்தச் சீட்டுகளை எல்லாம் பத்திரப்படுத்தி, தாமதிக்காமல் இ.எஸ்.ஐ. டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

2. நோய் நீண்டால் இடையிடையே சான்றிதழ், குணமானதும் வேலைக்குத் திரும்பலாம் என்று இறுதிச் சான்றிதழ். நடுவில் ஒன்று விட்டுப்போனால் அந்த நாள்களுக்குப் பணம் நிற்கும்.

3. சான்றிதழோடு விண்ணப்பத்தைக் கிளை அலுவலகத்தில் கொடுங்கள். இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். நீங்கள் வேலைக்கு வரவில்லை என்பதை நிறுவனத்திடம் சரிபார்த்துப் பணத்தை வங்கிக் கணக்கில் போடுவார்கள்.

4. காப்பீட்டு அட்டையில் உள்ள பெயரும் வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

செய்யக் கூடாதவை

உதவித்தொகை வாங்கும் நாளில் வேறு வேலைக்குப் போகக் கூடாது. சிகிச்சையை நிறுத்தக் கூடாது. அனுமதி இல்லாமல் ஊர் மாறக் கூடாது. சம்பளத்தோடு லீவு எடுத்த நாளுக்கு இதையும் சேர்த்து வாங்க முடியாது. ஒரே நாளுக்கு நோய்க்கால உதவி, மகப்பேறு உதவி இரண்டும் கிடையாது. எது அதிகமோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

“இப்பப் போய்க் கேட்டா குடுப்பாங்களா, அக்கா?” என்றார் அந்தப் பெண். என்ன சொல்வது? உரிய தேதியிலிருந்து ஓராண்டுக்குள் கேட்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் அந்த நாப்பது நாளில் எந்த டாக்டரையுமே பார்க்கவில்லையே! காலம் இருக்கிறது, காகிதம் இல்லை. மஞ்சள் காமாலையை டாக்டரிடம் காட்டாமல் விடுவது உடம்புக்கும் ஆபத்து என்பதையும் அவரிடம் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “என் தங்கச்சி ஜவுளிக் கடையில வேலை பாக்குறா. அவளுக்கு இப்ப மூணாம் மாசம்” என்றார்.

“முதல்ல அவளோட சம்பளச் சீட்டை எடுத்துக்கிட்டு வா. எழுபது நாள் இருக்கான்னு எண்ணிப் பாத்துடலாம்” என்றேன்.

உங்கள் வீட்டுச் சம்பளச் சீட்டையும் இன்று ராத்திரியே எடுத்து எண்ணிப் பாருங்களேன்!