அந்த விதிமீறல் முடிவை மாற்றியதா?

பொத்தேரி ரயில் நிலையத்தை ஒட்டியே எஸ்.ஆர்.எம். வளாகம் இருப்பதால், எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு ரோபோ புதிதல்ல. எட்டாம் வகுப்பில் இரண்டு அணிகளை மோதவிட்டேன். இரண்டு நிமிட ஆட்டம். பந்தைப் பெட்டிக்குள் சேர்த்தால் 3 புள்ளி. ஒரு நடைக்கு இரண்டு பந்துகளுக்கு மேல் எடுக்கக் கூடாது.

சிவப்பு 27, நீலம் 24. ஆனால் சிவப்பு ரோபோ இரண்டு முறை மூன்று பந்துகளை அள்ளிச் சென்றிருந்தது. நீல அணி மாணவி கண் கலங்க, "அவங்க ஜெயிச்சது செல்லாது சார்" என்றாள்.

வெக்ஸ் வி5 போட்டியில் நடுவர்கள் இதற்கென்றே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். மீறல் வென்றவரையும் தோற்றவரையும் இடம் மாற்றியதா என்று பார்ப்பார்கள். மாற்றியிருந்தால் தகுதிநீக்கம். தற்செயலாக நடந்து, முடிவைத் தொடாத மீறலுக்குப் பெரும்பாலும் எச்சரிக்கைதான். வேண்டுமென்றே செய்தது வேறு கணக்கு.

கரும்பலகையில் கழித்துப் பார்த்தோம். கூடுதலாக வந்த பந்துகள் இரண்டு, 6 புள்ளி. 27-லிருந்து 6 போனால் 21. நீலம் முந்துகிறது. ஒரு மீறலை மட்டும் கழித்தால் 24-24 என்று நிற்கும். இரண்டும் சேர்ந்துதான் முடிவைப் புரட்டின. மீறல்களைக் கூட்டியே பார்க்க வேண்டும் என்பது இப்படித்தான் விளங்கியது. இந்தக் கழித்தல் சோதனைக்கு மட்டுமே. 21 என்று யாரும் திருத்தி எழுதுவதில்லை. சிவப்பு தகுதி இழக்கிறது.

சிவப்பு அணி விடவில்லை. "அந்தப் பந்தை அடுத்த நடையில் கொண்டு போயிருப்போமே!" நீல அணியும் தன் பங்குக்கு, "எங்களை இடிக்காம இருந்தா இன்னும் ரெண்டு போட்டிருப்போம்" என்றது. அருமையான வாதங்கள்! ஆனால் நடுவர் பார்ப்பது மீறலோடு நேரடியாகத் தொடர்புடைய செயலைத்தான். 'போயிருப்போம்', 'போட்டிருப்போம்' இரண்டையும் ஒரே கோட்டில் அடித்தோம்.

தோற்ற அணியின் மீறலுக்கு இந்தச் சோதனை தேவையில்லை. அது ஏற்கெனவே தோற்றுவிட்டது. இதை ஏற்க வைக்கத்தான் அதிக நேரம் பிடித்தது.

வகுப்பில் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒன்று: புள்ளி எழுத ஒருவர், எந்த நொடியில் என்ன மீறல் என்று குறிக்க இன்னொருவர் வேண்டும். ஆட்டம் முடிந்து புள்ளிகளைக் கூட்டிய பிறகே தீர்ப்பு. செல்போன் பதிவு வேண்டாம். வெக்ஸ் தலைமை நடுவரும் காணொளி பார்ப்பதில்லை. முறையீடு செய்ய வேண்டியது ரோபோவை இயக்கும் மாணவர்களே, ஆசிரியர் அல்ல. நாம் வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் கடினம்.

"சார், கழிச்சதும் சமமா வந்தா?" என்று ஒருவன் கேட்டான். நான் விடை சொல்லவில்லை. மறுநாள் விதித்தாளின் கடைசியில் ஒரு வரி புதிதாக இருந்தது: சமமானால் மறு ஆட்டம்.