கரியடுப்பும் காற்றும்: சில நம்பிக்கைகள், சில உண்மைகள்

மொட்டை மாடியிலும் கொல்லைப்புறத்திலும் கரித்தணலில் கோழியும் மீனும் பனீரும் சுட்டு உண்ணும் வழக்கம் நம் நகரங்களில் பரவி வருகிறது. பார்பிக்யூ அடுப்புகளும் கடைகளில் தாராளமாய்க் கிடைக்கின்றன. ஆனால் அடுப்பு வந்த வேகத்தில் அதை ஆளும் அறிவு வந்து சேரவில்லை. செவிவழியாய்ப் பரவிய அபிப்பிராயங்களே அதன் ஸ்தானத்தில் அமர்ந்துவிட்டன. அவற்றுள் சில சமையலைக் கெடுப்பவை. ஒன்று உயிரையே மாய்ப்பது. எல்லாவற்றுக்கும் மூலகாரணம், கரிக்கும் காற்றுக்கும் உள்ள சம்பந்தத்தை நாம் அறியாதிருப்பதுதான். இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளே தீயிட்டுப் பல நாள் புகையவிடும் மூட்டத் தொழிலாளிக்கு அந்தச் சம்பந்தம் நன்றாய்த் தெரியும்: காற்று மிகுந்தால் விறகு சாம்பலாகும், காற்று குன்றி வெந்தால்தான் கரியாகும். அவர் ஆக்கித் தரும் கரியை எரிக்கிற நாமும் அவ்வளவாவது தெரிந்துகொள்வது அவசியம்.

நம்பிக்கை: அடுப்பு எவ்வளவு பெரிதோ, விலை எவ்வளவு உயர்ந்ததோ, அவ்வளவு நல்லது.

உண்மை: அடுப்பில் பார்க்க வேண்டியவை மூன்று: இறுகப் பொருந்தும் மூடி, அடியிலும் மூடியிலும் வேண்டியபடி திறந்தடைக்கக் கூடிய காற்றுத் துவாரங்கள், கரி கிடக்கும் தட்டுக்கும் உணவு கிடக்கும் கம்பித்தட்டுக்கும் இடையே போதிய உயரம். 1952-ல் சிகாகோ வட்டாரத்தில் வெபர் சகோதரர்களின் உலோகப் பட்டறையில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீபன், அங்கே தயாரான உருண்டை மிதவையை இரண்டாக்கி, கீழ்ப்பாதியைக் கரிச்சட்டியாகவும் மேற்பாதியை மூடியாகவும் அமைத்துச் செய்த அடுப்பு இன்றளவும் உலகெங்கும் புழங்குகிறதென்றால், அதற்குக் காரணம் அது காற்றைக் கட்டுப்படுத்த இடந்தருவதேயன்றி அதன் ஆடம்பரமன்று. நாலைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஒன்றரை அடி முதல் இரண்டடி வரை குறுக்களவுள்ள அடுப்பு தாராளமாய்ப் போதும். துத்தநாகம் பூசிய தகட்டாலோ, வர்ணமடித்த பழைய பீப்பாயாலோ செய்தவற்றை மட்டும் வாங்கலாகாது. கடும் உஷ்ணத்தில் அப்பூச்சுகள் நச்சுப்புகை கக்கும்.

நம்பிக்கை: மண்ணெண்ணெய் ஊற்றினால்தான் கரி சீக்கிரம் பற்றும்.

உண்மை: மண்ணெண்ணெய் ஊற்றினால் அதன் வாடை உணவில் ஏறும், அரைகுறையாய்க் கனன்றுகொண்டிருக்கும் கரியின்மேல் ஊற்றினாலோ, நெருப்பு குப்பென்று ஊற்றுகிறவர் கைவரை தாவும். இரு முனையும் திறந்த தகரக் குழல் ஒன்றில், இடையிலுள்ள கம்பிவலையின்மேல் கரியை நிரப்பி, அடியில் பழைய செய்தித்தாளைக் கசக்கிச் செருகிக் கொளுத்தினால், சூடேறிய காற்று மேலே எழ எழப் புதுக்காற்று கீழிருந்து தானே உட்புகுந்து, 15 அல்லது 20 நிமிஷத்தில் கரி முழுவதும் கனிந்துவிடும். விசிறியும் வேண்டா, எண்ணெயும் வேண்டா.

நம்பிக்கை: சுவாலை எழுந்து எரிந்தால்தான் மாமிசம் வேகும்.

உண்மை: சுவாலை மேற்புறத்தைக் கருக்கும், உட்புறத்தை வேகவைப்பது தணல்தான். கரியின் கருநிறம் முற்றும் மறைந்து, வெளிர்சாம்பல் மெல்லிய போர்வையாய்ப் படர்ந்து, அதன் கீற்றுகளினூடே செம்மை தெரிகிற தறுவாயே உணவை இடத் தக்க தறுவாய். கம்பித்தட்டின் உயரத்தில் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தால், இரண்டு மூன்று விநாடிக்குமேல் பொறுக்க முடியாவிடில் தணல் கடுமையானது. ஐந்தாறு விநாடி பொறுக்குமாயின் மிதமானது. கொழுப்பு சொட்டித் தீ மூண்டெழும்போது உண்டாகிற கரும்புகையில், புற்றுநோய் விளைவிப்பதென்று அறியப்பட்ட பென்சோபைரீன் போன்ற பொருள்கள் உண்டாதலால், கரி முழுவதையும் ஒரு பக்கமாய் ஒதுக்கி, மறுபக்கம் வெறுமையாய் விட்டு, தீ மூளும்போதெல்லாம் உணவை அப்பக்கம் நகர்த்திவிடுவதே உத்தமம். கருகிய பாகத்தை வெட்டி எறிந்துவிட வேண்டும்.

நம்பிக்கை: சூடு அதிகமானால் மூடியைத் திறந்து வைத்தால் தணிந்துவிடும்.

உண்மை: மூடியைத் திறந்த கணத்தில் உணவைச் சூழ்ந்திருந்த சூடு வெளியேறுவது மெய்யே, ஆனால் அதே கணத்தில் தணலுக்குப் பிராணவாயு தடையின்றிக் கிடைப்பதால் அது முன்னிலும் உக்கிரமாய்க் கனலத் தொடங்குகிறது. சூட்டைத் தணிக்க விரும்புவோர் மூடியை மூடி, அடித்துவாரத்தைக் கொஞ்சங் கொஞ்சமாய்க் குறுக்க வேண்டும். மேல்துவாரம் புகை வெளியேறும்பொருட்டுத் திறந்தே இருக்கட்டும். சமையல் முடிந்தபின் இரண்டையும் முற்றாய் அடைத்துவிட்டால் தணல் தானே அவிந்து, மிஞ்சிய கரி அடுத்த முறைக்கு உதவும்.

நம்பிக்கை: முதலில் கடுந்தணலில் வாட்டினால் மாமிசத்தின் சாறு உள்ளேயே அடைபட்டு நிற்கும்.

உண்மை: ஜெர்மானிய ரசாயன நிபுணர் லீபிக் 1847-ல் வெளியிட்ட நூலால் செல்வாக்குப் பெற்ற சித்தாந்தம் இது. 1930-களில் நடந்த சோதனைகளிலேயே இது பொய்த்துவிட்டது. வாட்டிய மாமிசமும் சாற்றை இழக்கவே செய்யும். கம்பித்தட்டில் கேட்கும் அந்த ‘சுர்’ ஓசையே சாறு கசிந்து ஆவியாவதற்குச் சாட்சி. ஆயினும் வாட்டுவது வீண் வேலையன்று. பிரெஞ்சு விஞ்ஞானி மெய்யார் 1912-ல் விவரித்த ரசாயன மாறுதல் மேற்புறத்தில் நிகழ்ந்து, பொன்னிறமும் நறுமணமும் அதனால்தான் பிறக்கின்றன. மேலே சிவந்ததைக் கொண்டு உள்ளே வெந்ததென்று தீர்மானித்துவிடலாகாது. கோழியாயின் எலும்பைத் தொடாமல் தடித்த பாகத்தில் வெப்பமானியைச் செருகி, 74 டிகிரி செல்சியஸ் காட்டினாலன்றி இறக்கக் கூடாது.

நம்பிக்கை: சுட்ட உணவின் மணம் கரியின் மணமே.

உண்மை: நன்றாய்க் கனிந்த கரியில் மணம் தரும் பொருள்கள் பெரும்பாலும் மூட்டத்திலேயே வெளியேறிவிட்டன. கொழுப்பும் மசாலாச் சாறும் தணலில் சொட்டி ஆவியாகி, மீண்டும் உணவின்மேல் படிவதாலேயே அந்த மணம் பிறக்கிறது. சிரட்டைக் கரியோ கருவேலக் கரியோ, நன்றாய் உலர்ந்ததாயிருந்தால் போதும்.

நம்பிக்கை: புகை அடங்கிய தணலால் தீங்கில்லை, சன்னலைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குள்ளும் வைத்துக்கொள்ளலாம்.

உண்மை: இதைவிடக் கொடிய மூடநம்பிக்கை இவ்விஷயத்தில் வேறில்லை. புகைதான் கண்ணுக்குத் தெரியும்; கொல்லுகிற கார்பன் மோனாக்சைடோ நிறமும் மணமும் அற்றது. தணல் அவியும் தறுவாயிலும் அது வெளிவந்துகொண்டேயிருக்கும். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு அது பற்றிக்கொள்வதால், மூச்சு தடையின்றி ஓடிக்கொண்டிருக்கும்போதே உடல் பிராணவாயு இன்றித் தவிக்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை அதன் முன்னறிகுறிகள். உறக்கத்திலிருப்பவருக்கு அந்த எச்சரிக்கையும் கிட்டாது. கொடைக்கானல் போன்ற குளிர்ப் பிரதேசங்களில், வெளியே சமைத்து முடித்த அடுப்பைக் கணப்புக்காக அறைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு உறங்கியவர்கள் விழித்தெழாமலே போன துயரங்கள் நேர்ந்திருக்கின்றன. சன்னல் திறந்திருப்பது போதிய பாதுகாப்பன்று. மூடிய பால்கனியும் கார் நிறுத்தும் அறையும் கூடாரமும் இவ்விஷயத்தில் வீட்டினுள் என்றே கருதத்தக்கவை.

ஆகவே கரியடுப்பு வாங்க எண்ணுகிறவர் விலையையும் அளவையும் விசாரிப்பதற்கு முன்னர், அதை எங்கே வைக்கப்போகிறோம் என்பதை நிச்சயித்துக்கொள்ள வேண்டும். சமையல் முடிந்து தணல் முற்றும் ஆறும்வரை அடுப்பு இருந்த இடத்திலேயே இருக்கத்தக்க வெட்டவெளி உள்ளவர் மகிழ்ச்சியோடு வாங்கலாம். அத்தகைய இடம் இல்லாதவர் வாங்காதிருப்பதே விவேகம்.