‘எலெக்ட்ரிகல் ஐட்டத்துக்கு கியாரண்டி கிடையாது’: ஸ்பேர் பார்ட்ஸ் கடை கைவிரித்தால் என்ன செய்வது?

கேள்வி: சொந்தமாக ஒரு ‘குட்டி யானை’ சரக்கு வண்டி வைத்து நானே ஓட்டிப் பிழைக்கிறேன். ஊர் கோபிசெட்டிபாளையம். வண்டியில் செல்ஃப் எடுக்கவில்லை. செல்ஃப் மோட்டாரை மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். கோவையில் ஒரு கடையில் ஆர்.சி.யைக் காட்டி, மாடலும் வருஷமும் சொல்லி, ‘கம்பெனி பீஸ்’ என்று அவர்கள் எடுத்துக் கொடுத்ததை 6,800 ரூபாய்க்கு வாங்கினேன். பணம் க்யூஆர் கோடில் போட்டேன். ‘எஸ்டிமேட்’ என்று ஒரு சீட்டுதான் கொடுத்தார்கள். இரண்டாவது வாரமே மோட்டார் சுற்றவில்லை. கடையில் கேட்டால், ‘எலெக்ட்ரிகல் ஐட்டத்துக்கு கியாரண்டி கிடையாது, போர்டைப் பாருங்க’ என்கிறார்கள். விடாமல் கேட்டதும், ‘மெக்கானிக் மாட்டினதுதான் தப்பு’ என்றார்கள். பிறகு, ‘கம்பெனியைக் கேளுங்க’ என்றார்கள். கம்பெனிக்குப் போன் போட்டால் பில்லும் வாரண்டி அட்டையும் கேட்கிறார்கள். வாடகை வண்டி என்பதால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்கிறார் தெரிந்தவர் ஒருவர். எனக்கு வழி உண்டா, ஐயா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தெரிந்தவர் சொன்னதிலிருந்தே தொடங்கலாம். வாசகருக்கு மற்ற எல்லாம் சாதகமாக இருந்தாலும், இந்த ஒன்றில் தோற்றால் வழக்கு வாசலிலேயே நின்றுவிடும்.

வியாபார நோக்கத்துக்குப் பொருள் வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் அதே பிரிவின் விளக்கம், சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வியாபார நோக்கத்திலிருந்து விலக்கிவைக்கிறது. இதைத் தெளிவாக்கிய தீர்ப்பு கோவையோடு தொடர்புடையது. பி.எஸ்.ஜி. நிறுவனம் விற்ற ஓர் இயந்திரத்தைப் பற்றி லக்ஷ்மி இன்ஜினியரிங் வொர்க்ஸ் தொடுத்த வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர் பெரிய அளவில் தொழில் செய்பவர் என்பதால் தோற்றார். ஆனால் போகிற போக்கில் நீதிமன்றம் கொடுத்த உதாரணங்கள் இன்றைக்கும் ஓட்டுநர்களைக் காப்பாற்றுகின்றன. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர். லாரி வாங்கித் தானே ஓட்டுபவரும் அப்படியே. வண்டியை வாங்கி முழுக்க வேறொருவரிடம் ஓட்டக் கொடுத்துவிடுபவர் நுகர்வோர் அல்ல. ஒரே வண்டியைத் தானே ஓட்டும் கோபி வாசகர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதில் குழப்பமே இல்லை. புகார் மனுவின் முதல் பத்தியிலேயே ‘இதுவே என் வாழ்வாதாரம், வண்டியை நானே ஓட்டுகிறேன்’ என்று எழுதிவிட வேண்டும். இந்த ஒரு வரியை எழுதாமல் விட்டு, பிறகு எதிர்த்தரப்பு கிளப்பும் ஆட்சேபணைக்குப் பதில் தேடி அலைபவர்கள் உண்டு.

அடுத்தது அந்தச் சீட்டு. சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கினாலும் கோவையில் வாங்கினாலும் இந்தச் சீட்டின் முகஜாடை ஒன்றுதான். கடைப் பெயர் இருக்காது, அல்லது சுருக்கமாக இரண்டு எழுத்து இருக்கும். வரிசை எண் இராது, ஜிஎஸ்டி எண்ணும் இராது. ‘செல்ஃப் 1’ என்று பால்பாயிண்ட் கிறுக்கலும் எதிரே தொகையும்தான். ஓரத்தில் ‘விற்ற சரக்கு வாபஸ் இல்லை’ என்ற ரப்பர் ஸ்டாம்பு மட்டும் பளிச்சென்று விழுந்திருக்கும்.

2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (பொது) விதிகளின்படி, விற்பவரின் பெயர், முகவரி, வரிசை எண், தேதி, வாங்குபவர் பெயர், பொருளின் விவரம், அளவு, வரி விகிதம், கையொப்பம் எல்லாம் பில்லில் இருக்க வேண்டும். பில் தராமல் விற்பதையே 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆக, கடைக்காரர் தன்னைக் காத்துக்கொள்ளக் கொடுத்த சீட்டே அவருக்கு எதிரான முதல் சாட்சி. 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனையில், வாங்குபவர் கேட்காவிட்டால் தனி பில் போடாமல் இருக்க ஜிஎஸ்டி சட்டம் இடம் கொடுக்கிறது. 6,800 ரூபாய்ப் பொருளுக்கு அந்தச் சாக்கு எடுபடாது.

‘பில் வேணும்னா ஜிஎஸ்டி தனியா ஆகும்’ என்பது இந்தக் கடைகளின் இன்னொரு வசனம். பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி. எல்லா வரிகளையும் உள்ளடக்கிய விலை. கடைக்காரர் அதற்குக் கீழே ஒரு விலை சொல்லி வரியைச் சேர்க்கலாம். மொத்தம் எம்.ஆர்.பி.யைத் தாண்டினால் அது பொட்டலப் பொருள் விதிமீறல், தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையிடம் புகார் கொடுக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி ஒரே சீராக 18 சதவீதம். இன்னும் 28 சதவீதக் கணக்குச் சொல்லும் கடைக்காரரிடம் அந்தத் தேதியை நினைவூட்டலாம்.

பில் இல்லாததால் வாங்கியதை நிரூபிக்க முடியாது என்று வாசகர் சோர வேண்டியதில்லை. க்யூஆர் கோடில் போட்ட பணம் வங்கிக் கணக்கு விவரத்தில் தேதியோடும் நேரத்தோடும் நிற்கிறது. ஒரே சிக்கல், பணம் போன பெயர். கடைப் பெயருக்குப் பதிலாக முதலாளியின் மனைவி பெயரோ மகன் பெயரோ வருவது இந்தத் தொழிலில் சகஜம். அப்படியானால் கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையைக் கடைப் பலகை தெரியும்படி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. கடையோடு வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் எதையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

இப்போது அந்த போர்டு. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணத்தைத் தர மறுப்பதும் அதே 2(47) பிரிவில் வருகிறது. பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள் தர வேண்டும். காலம் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள். எலெக்ட்ரிகல் ஐட்டத்துக்கு விலக்கு என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. சுவரில் தொங்கும் பலகையால் சட்டம் கொடுத்த உரிமையைப் பறிக்க முடியாது. ஆனால் ‘குறையுள்ள’ என்ற சொல்லை மறந்துவிடக் கூடாது. வேண்டாம் என்று மனசு மாறியதற்கோ, மெக்கானிக் தவறான எண் எழுதிக் கொடுத்ததற்கோ இந்தப் பிரிவு உதவாது.

எண் விஷயத்தில் வாசகர் தெரிந்தோ தெரியாமலோ சரியாக நடந்திருக்கிறார். ‘இந்தக் கம்பெனி, இந்த நம்பர் கொடுங்கள்’ என்று அவர் கேட்கவில்லை. வண்டி இன்னது என்று ஆர்.சி.யைக் காட்டி, பொருத்தமானதை எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். வாங்குபவர் தன் தேவையைச் சொல்லி, விற்பவரின் தொழில் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்பது சரக்கு விற்பனைச் சட்டம், 1930-ன் 16-வது பிரிவு. குறிப்பிட்ட வணிகப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கியிருந்தால் இந்தப் பாதுகாப்பு குறைந்துவிடும். கவுண்டரில் என்ன சொல்லிக் கேட்டார் என்பது அவ்வளவு முக்கியம்.

கடைக்காரர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நல்ல செல்ஃப் மோட்டாரையும் எரிக்க வழிகள் இருக்கின்றன. பேட்டரி இறங்கிய வண்டியில் விடாமல் சாவியைத் திருகுவது, சுவிட்ச் ஒட்டிக்கொண்டு மோட்டார் சுற்றிக்கொண்டே இருப்பது, எர்த் சரியாக இல்லாதது என்று காரணங்கள் பல. எரிந்த மோட்டாரைப் பார்த்த மாத்திரத்தில் தயாரிப்புக் குறையா, வண்டிக் குறையா என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் பிரித்துப் பார்க்காமலே ‘மாட்டினது தப்பு’ என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை கவுண்டருக்குக் கிடையாது.

குறையை நிரூபிக்கும் பொறுப்பு முதலில் புகார் கொடுப்பவருடையது. எஸ்.ஜி.எஸ். இந்தியா வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் இதை மறுபடியும் உறுதிசெய்தது. அதனால் அந்த மோட்டார்தான் வாசகரின் சொத்து. ரீவைண்டிங் கடையில் கொடுத்துப் பிரித்துவிட்டால் வழக்கின் உயிர் அங்கேயே போய்விடும். ‘க்ளைம் போட்டுப் பாக்கிறோம், வச்சிட்டுப் போங்க’ என்று கடைக்காரர் சொன்னால், பெற்றுக்கொண்டதாக மோட்டாரின் சீரியல் எண்ணோடு கையெழுத்து வாங்காமல் கொடுக்கக் கூடாது. மாட்டியபோதும் கழற்றியபோதும் பேட்டரி வோல்டேஜ், வயரிங் நிலை எப்படி இருந்தன என்று மெக்கானிக்கிடம் அரைப் பக்கம் எழுதி வாங்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் அது பிரமாணப் பத்திரமாகும்.

மெக்கானிக் எழுதித் தரத் தயங்கலாம். ஆளை அனுப்பும் மெக்கானிக்குக் கடை கமிஷன் கொடுப்பது ஊரறிந்த ரகசியம். இரு பக்கமும் பகைத்துக்கொள்ள அவருக்கு மனம் வராது. மாட்டுகூலி வாங்கியிருப்பதால் அவரும் சேவை வழங்கியவர், அவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம் என்பதை நயமாகச் சொன்னால் பெரும்பாலும் கையெழுத்து வந்துவிடும். உண்மையில் சேர்க்க வேண்டுமா என்றால், அவசியமில்லை. சாட்சியாக இருக்க வேண்டியவரை எதிரியாக்குவது புத்திசாலித்தனம் அல்ல.

ஆய்வுக்கூடச் சோதனை இல்லாமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்று ஆணையம் கருதினால், 2019 சட்டத்தின் 38-வது பிரிவின் கீழ் பொருளைச் சீலிட்டு ஆய்வுக்கு அனுப்பலாம். 45 நாளில் அறிக்கை வர வேண்டும் என்பது விதி. கட்டணத்தை முதலில் வாசகர் கட்ட வேண்டியிருக்கும் என்பதால், அதையும் இழப்பீட்டுக் கணக்கில் சேர்க்கக் கேட்கலாம்.

கம்பெனியை விட்டுவிடலாமா? கூடாது. ஆனால் பெயரைச் சேர்த்தால் மட்டும் போதாது. 2009 மாடல், ஏற்கெனவே 622 கிலோமீட்டர் ஓடிய காரை 2011-ல் புதுக் கார் என்று விற்ற ஒரு கோவா டீலர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021-ல் வந்த தீர்ப்பில், டீலர் செய்த தவறு தெரிந்திருந்தது என்று காட்டாத நிலையில் தயாரிப்பாளரான டாடா மோட்டார்ஸைப் பொறுப்பாக்க முடியாது என்று நீதிமன்றம் விடுவித்தது. ஆகவே மனுவில் இரண்டு பேர்மீதும் தனித்தனியாக எழுத வேண்டும். தயாரிப்பில் குறை, வாரண்டியை மறுத்தது ஆகியவை கம்பெனிமீது. பில் தராதது, வாரண்டி அட்டையில் சீல் வைக்காதது, திரும்ப எடுக்க மறுத்தது ஆகியவை கடைமீது. வாரண்டி அட்டை இல்லாததற்குக் காரணமே கடைதான் என்று எழுதிவிட்டால், ஒருவர் மற்றவரைக் கைகாட்டும் ஆட்டம் ஆணையத்தின் முன் நடக்காது.

‘வெளி மெக்கானிக் மாட்டினால் வாரண்டி செல்லாது’ என்று கம்பெனி வாதிடலாம். 2014 ஆகஸ்ட் 25-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்த உத்தரவில், வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காக மட்டும் வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் சொன்னது. அந்த அபராதங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. அது கார் வாரண்டி பற்றியது, உதிரி பாக வாரண்டி பற்றியதல்ல. இருந்தாலும் வாதத்துக்குத் துணை நிற்கும்.

கம்பெனி சீரியல் எண்ணைப் பார்த்துவிட்டு, ‘இது எங்கள் தயாரிப்பே இல்லை’ என்று சொன்னால் கதை மாறிவிடும். போலி முத்திரையிட்ட பொருளை விற்பது வர்த்தக முத்திரைச் சட்டத்தின் 104-வது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். அந்தப் பதிலை மின்னஞ்சலில் வாங்கினால், கடைக்காரரின் குரல் அன்றே தணியும்.

நடைமுறைக்கு வருவோம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிவு செய்ய வேண்டும். செலவில்லை, சில கடைகள் இதற்கே இறங்கிவரும். வராவிட்டால் 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ். வாசகரே எழுதலாம், வக்கீல் வேண்டும் என்று கட்டாயமில்லை. பிறகு புகார். கடை கோவையில் இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் மாற்றிவிட்டதால், ஈரோடு மாவட்ட ஆணையம் போதும். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். கெடு இரண்டு ஆண்டு. அவ்வளவு காலம் இருக்கிறதே என்று காத்திருந்தால் மெக்கானிக்கின் நினைவு மங்கிவிடும்.

எவ்வளவு கேட்பது? மோட்டார் விலை, இரண்டு முறை மாட்டுகூலி, வண்டியைக் கட்டி இழுத்த செலவு, வண்டி நின்ற நாட்களின் வாடகை இழப்பு, அலைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு. வாடகை இழப்புக்கு டிரிப் ஷீட்டோ வழக்கமான வாடிக்கையாளரின் கடிதமோ வேண்டும். 6,800 ரூபாய் மோட்டாருக்கு மன உளைச்சல் பத்து லட்சம் என்று எழுதும் மனுக்களைப் பார்த்து ஆணையத்தில் யாரும் அசருவதில்லை. கவுண்டரில் பேசிய மரியாதைக் குறைவான பேச்சுக்கும் தனியாக விலை கிடைக்காது. ஆனால் ‘நாளைக்கு வாங்க’ என்று திருப்பி அனுப்பிய ஒவ்வொரு தேதியும் சேவைக் குறைபாட்டுக்குச் சான்று.

நோட்டீஸ் கிடைத்த 30 நாளில், மிஞ்சினால் கூடுதலாக 15 நாளில், எதிர்த்தரப்பு பதில் போட வேண்டும். அதற்கு மேல் ஒரு நாளும் நீட்டிக்க முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு முடிவு கட்டிவிட்டது. சோதனை தேவைப்படாத வழக்கு மூன்று மாதத்தில், தேவைப்படும் வழக்கு ஐந்து மாதத்தில் முடிய வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் அதைவிட இழுக்கும். சமரசத்துக்கு அனுப்பவா என்று ஆணையம் கேட்டால், இந்தத் தொகைக்கு ஒப்புக்கொள்வதே லாபம். உத்தரவு வந்த பிறகும் கடை பணம் தராவிட்டால், 71-வது பிரிவில் சிவில் டிக்ரியைப் போல நிறைவேற்றக் கேட்கலாம். 72-வது பிரிவில் தனி மனுவும் போடலாம். உத்தரவை மீறியதற்குத் தண்டனை ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும்.