புதிதாக ஓடுவோருக்குக் கணைக்கால் வலி: காரணமும் காப்பும்

கேரளக் காவலர் பணிக்கான எழுத்துத் தேர்வில் தேறிய தம்பிமார் ஓடத் தொடங்கும் காலம் வந்தால், உடற்கல்வி ஆசிரியனாக இருந்த என்னைத் தேடி ஒரே கேள்வி வரும். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலிருந்தும் வரும். மூணாறு, பீர்மேடு எஸ்டேட்டுகளிலிருந்தும் வரும். “சார், ஓடினால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரமாக வலிக்கிறது. ஓடுவதா, நிறுத்துவதா?”

இது சின்னக் கேள்வி அல்ல. அந்த உடல்திறன் தேர்வின் எட்டு இனங்களில் ஐந்தில் தேற வேண்டும். ஆண்களுக்கான இனங்களில் ஒன்று 1,500 மீட்டர் ஓட்டம். அதை 5 நிமிடம் 44 வினாடிக்குள் முடிக்க வேண்டும். அதாவது 400 மீட்டர் சுற்று ஒன்றுக்குச் சுமார் 92 வினாடி. படித்துத் தேறிய பிள்ளை கால் வலியால் இந்த இடத்தில் தவறினால், ஒரு குடும்பத்தின் எதிர்பார்ப்பே தள்ளிப்போகிறது. ஆகவே இந்த வலியைப் பற்றி ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நல்லது.

வலி ஏன் வருகிறது?

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நிமிடத்துக்கு 160 அடி என்று வைத்தால், 20 நிமிட ஓட்டத்தில் ஒரு காலுக்கு மட்டும் 1,600 அடிகள். இந்தச் சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றி அமைத்துக்கொள்ளும். ஜெர்மன் மருத்துவர் வோல்ஃப் 1892ஆம் ஆண்டிலேயே இதை எழுதி வைத்தார்.

ஆனால் அந்த மாற்றத்துக்கு ஒரு முறை உண்டு. பழைய சுவரை இடித்துவிட்டுத்தானே புதுச் சுவர் எழுப்புகிறோம்? எலும்பும் அப்படியே. முதலில் பழைய பகுதி கரைக்கப்படுகிறது. அது சில வாரங்களில் முடிந்துவிடும். புதிய எலும்பு படிந்து இறுகுவதற்கோ மூன்று மாதங்களும் அதற்கு மேலும் ஆகும். இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் முன்னைவிட வலுக் குறைந்தே இருக்கும்.

மூச்சின் கதை வேறு. மூன்று நான்கு வாரம் ஓடினாலே இளைப்பு குறைந்து, “இன்னும் ஓடலாம்” என்று உற்சாகம் பிறக்கும். எலும்பு பலவீனமாக இருக்கும் நேரமும் அதுதான். மூச்சு முந்துகிறது, எலும்பு பிந்துகிறது. பெரும்பாலான கணைக்கால் வலிக்கு மூலம் இந்த இடைவெளியே.

எந்த வலி, எவ்வளவு ஆபத்து?

முன்னெலும்பின் உள் ஓரத்தில், கீழ்ப்பாதியில், நான்கு விரல் அகலத்துக்குப் பரவலாக நோவு இருந்தால் அது சாதாரணக் கணைக்கால் வலி. ஓட ஆரம்பிக்கும்போது வலித்து, உடல் சூடானதும் மறைந்து, மறுநாள் காலையிலும் இல்லையென்றால், ஓடும் தூரத்தைப் பாதியாகக் குறைத்துத் தொடரலாம். ஓட்டம் முழுவதும் வலித்தாலோ, மறுநாள் காலையிலும் இருந்தாலோ, இரண்டு வாரம் ஓட்டத்தை நிறுத்தி, வலியில்லாத அளவில் சைக்கிள் ஓட்டுதல், நீச்சல் என்று மூச்சைக் காத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியில் கடும் வலி, இரவில் படுத்தாலும் வலி, நடந்தாலே நொண்டுதல் ஆகியவை எலும்பில் கீறல் விழுந்ததற்கான அடையாளமாகலாம். உடனே எலும்பு மருத்துவரிடம் செல்லுங்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ.யில் தெரியும். எனவே எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறதென்று மீண்டும் ஓட வேண்டாம். ஓடும்போது கெண்டைச் சதை கல்லாக இறுகிப் பாதம் மரத்துப்போனால் அது வேறு நோய். அதற்கும் மருத்துவரே வேண்டும்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது எச்சரிக்கை மணியின் நாக்கைக் கட்டுவது போன்றது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைத்தால் நோவு தணியும். தைலம் தடவலாம், எலும்பின் மேல் அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

எப்படித் தொடங்குவது?

நான் சொல்லிக்கொடுக்கும் முறை இது. வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

1, 2ஆம் வாரம்: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு முறை.
3, 4ஆம் வாரம்: இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, எட்டு முறை.
5, 6ஆம் வாரம்: நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, ஐந்து முறை.
7, 8ஆம் வாரம்: பத்து நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, இரண்டு முறை.

வேகப் பயிற்சி இதற்குப் பிறகுதான். தேர்வு அறிவிப்பு வந்தபின் தொடங்கினால் இந்தக் காலம் கிடைக்காது. குறைந்தது நான்கு மாதம் முன்னதாகவே தொடங்க வேண்டும்.

ஓடாத நாட்களில் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். முழங்காலை நீட்டியபடி 15, சற்று மடக்கியபடி 15. இப்படி மூன்று சுற்று. ஓடும்போது நீண்ட எட்டு வைக்காமல் குறுகிய அடியாக, அடிக்கடி வையுங்கள். கணைக்காலில் ஏறும் சுமை குறையும்.

நம் மண்ணுக்கேற்ற சில குறிப்புகள்

பாலக்காட்டுப் பக்கத்தில் தார்ச்சாலையைவிடப் பள்ளிக்கூடத்து மண் திடல் மேல். சாலையில்தான் ஓட வேண்டுமென்றால், ஓரம் சரிந்திருக்குமாதலால் எப்போதும் ஒரே ஓரமாக ஓடாதீர்கள். மூணாறு போன்ற மலைப்பகுதியில் இறக்கத்தில் ஓடுவதே கணைக்காலை அதிகம் தாக்குகிறது. ஏற்றத்தில் மெல்ல ஓடி, இறக்கத்தில் நடந்து வாருங்கள். செருப்பில் பழகிய கால் திடீரென வெறுங்காலில் ஓடக் கூடாது. அடி தேய்ந்த ஷூவும் ஆகாது.

எலும்புக்குச் சத்து வேண்டும். கேழ்வரகு, எள், பால், முள்ளோடு உண்ணும் மத்தி மீன் ஆகியவை நமக்கு எளிதில் கிடைப்பவை. ஓடும் தங்கைமார்க்கு ஒரு சொல்: பயிற்சி தொடங்கியபின் மாதவிலக்கு நின்றுபோனால், சாப்பாடு போதவில்லை, எலும்பு மெலிகிறது என்பதற்கு அது அடையாளமாகலாம். கூச்சப்படாமல் அம்மாவிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

இடுக்கி மாவட்டம் முல்லக்கானத்தில் பிறந்த வீராங்கனை பிரீஜா ஸ்ரீதரன் 2010 குவாங்சோ ஆசியப் போட்டியில் 10,000 மீட்டரில் தங்கம் வென்றார். பாலக்காடு முண்டூரைச் சேர்ந்த பி.யு. சித்ரா 2017 புவனேஸ்வர் ஆசியத் தடகளப் போட்டியில் 1,500 மீட்டரில் தங்கம் வென்றார். இவர்களின் கால்கள் பல ஆண்டுகளில் உரமேறியவை. நமக்குத் தேவை நான்கு மாதப் பொறுமை மட்டுமே. பெற்றோர்களே, பிள்ளை ஒரு நாள் ஓடாமல் ஓய்வெடுத்தால் சோம்பல் என்று கடிந்துகொள்ளாதீர்கள். அந்த ஓய்வு நாளில்தான் அவன் எலும்பு வலுப்பெறுகிறது.