கர்னல் மாறினால் திரை ஏன் இருள்கிறது?
லினக்ஸில் வரைகலை இயக்கியை மூல நிரலிலிருந்து தொகுத்தல்

லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்தும் மாணவர்கள் சிலருக்கு ஓர் அனுபவம் நேர்வதுண்டு. கணினியைப் புதுப்பித்து மறுபடியும் தொடக்கினால், திரையில் படம் வராது. வெறும் எழுத்து முனையம் மட்டுமே தெரியும். கணினி கெட்டுவிட்டதென்று எண்ணி எல்லாவற்றையும் அழித்து மீண்டும் நிறுவுவோர் உண்டு. பெரும்பாலும் அது தேவையற்ற வேலை. காரணத்தையும் தீர்வையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கர்னலும் கூறும்

கர்னல் என்பது இயங்குதளத்தின் உட்கரு. நினைவகத்தையும் வன்பொருளையும் நிர்வகிப்பது அதுவே. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் கர்னலை அறிவித்தபோது அவருக்கு வயது 21தான்.

வரைகலை அட்டையை இயக்கும் நிரல், தேவைப்படும்போது கர்னலில் ஏற்றப்படும் தனிக் கோப்பாக இருக்கலாம். அதையே 'கூறு' (மாட்யூல்) என்கிறோம். இண்டெல் அட்டைகளுக்கான 'ஐ915', ஏஎம்டி அட்டைகளுக்கான 'ஏஎம்டிஜிபியு' ஆகியவை கர்னலுடனேயே வருகின்றன. என்விடியா நிறுவனத்தின் சொந்த இயக்கியோ தனியாக வருகிறது. சிக்கல் எழும் இடம் அதுதான்.

பொருந்தாமல் போவது ஏன்?

உலாவி போன்ற சாதாரண மென்பொருள்கள் கர்னலை அணுகும் வழி மாறாமல் காக்கப்படுகிறது. ஆனால் கூறுகள் கர்னலின் உள் ஃபங்ஷன்களை நேரடியாக அழைக்கின்றன. இவை பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். ஆகவே, எந்தக் கர்னலுக்காகத் தொகுக்கப்பட்டது என்ற முத்திரை ஒவ்வொரு கூறிலும் பதிக்கப்படுகிறது. முத்திரை பொருந்தாவிட்டால் கர்னல் அக்கூற்றை ஏற்காது. புதிய கர்னலுக்கு ஏற்ப மீண்டும் தொகுப்பதே தீர்வு.

தொகுக்கும் முறை

என்விடியாவின் திறந்த கூறுகளை உபுண்டு அல்லது டெபியனில் தொகுப்பதாகக் கொள்வோம்.

1. 'யூநேம் -ஆர்' கட்டளையால் இப்போது ஓடும் கர்னலின் பதிப்பை அறியவும்.

2. அதே பதிப்பின் 'லினக்ஸ்-ஹெடர்ஸ்' பொதியையும், தொகுப்பி அடங்கிய 'பில்ட்-எசென்ஷியல்' பொதியையும் நிறுவவும். பதிப்பில் ஓர் எண் மாறினாலும் உழைப்பு வீணாகலாம்.

3. மூல நிரல் கோப்புறையில் 'மேக் மாட்யூல்ஸ்' கட்டளையை இடவும். பிழைகள் வரிசையாக வந்தால் கடைசியை விட்டு முதற்பிழையைப் படியுங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் விளைவுகளே.

4. நிர்வாகி உரிமையுடன் 'மேக் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்', பிறகு 'டெப்மாட் -ஏ' கட்டளைகளை இடவும்.

5. மறுதொடக்கத்திற்குப்பின் கூறு ஏறியதா என்பதை 'எல்எஸ்மாட்' காட்டும். ஏறாவிட்டால் காரணத்தை 'டிமெஸ்ஜி' பதிவில் தேடலாம்.

மூன்று எச்சரிக்கைகள்: கர்னலுடன் வரும் 'நூவோ' இயக்கி அதே அட்டையைப் பிடித்திருந்தால் அதை முடக்க வேண்டும். கூற்றின் பதிப்பும் என்விடியாவின் மற்ற இயக்கிக் கோப்புகளின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். 'செக்யூர் பூட்' இயங்கும் கணினியில் கூற்றுக்கு மின்கையொப்பமும் தேவைப்படும்.

கர்னல் மாறும்போதெல்லாம் இவ்வேலையைத் தானாகச் செய்ய 'டிகேஎம்எஸ்' என்ற கருவி உள்ளது. ஆனால் அது தோல்வியுற்றால், மேற்கண்ட படிகளை அறிந்தவரே சரிசெய்ய முடியும்.

மூல நிரல் இல்லாவிட்டால்?

ஜிஃபோர்ஸ் 8, 9, 200 வரிசை அட்டைகளுக்கான என்விடியாவின் 340 வரிசை இயக்கிக்கு 2019 இறுதியுடன் ஆதரவு நின்றது. அதன் மையப்பகுதி மூடிய நிரல். கர்னலோடு இணைக்கும் மேற்பகுதி மட்டுமே மூல நிரலாகக் கிடைத்தது. புதிய கர்னல்கள் வந்தபோது ஆர்வலர்கள் அம்மேற்பகுதியைத் திருத்தித்தான் இயக்கியை ஓடவைத்தனர். மையப்பகுதியை அவர்களால் தொட முடியவில்லை. மாறாக, 2010இல் கர்னலுடன் வெளிவந்த 'நூவோ' முழுவதும் திறந்த நிரல் என்பதால், வேகம் குறைவானாலும் அதே பழைய அட்டைகளைக் கர்னலோடு சேர்ந்தே இயக்கி வருகிறது.

2022 மே மாதம் என்விடியா தன் கர்னல் கூறுகளின் மூல நிரலை வெளியிட்டது. ஆனால் 2018இல் வந்த டியூரிங் தலைமுறைக்கு முந்தைய அட்டைகளுக்கு அது பயன்படாது. கர்னலுக்கு வெளியே இயங்கும் பகுதிகளும் திறக்கப்படவில்லை.

மாணவ நண்பர்களே, அண்ணன் அக்காவிடமிருந்து கைமாறிய மடிக்கணினியில் படிப்பவர்களுக்கு இது வெறும் கொள்கைப் பேச்சு அன்று. ஓர் அட்டையின் ஆயுளை அதன் உலோகம் மட்டும் முடிவு செய்வதில்லை. அதன் நிரலை யார் திருத்த முடியும் என்பதும் முடிவு செய்கிறது. அடுத்த முறை திரை இருண்டால் அழித்து நிறுவ அவசரப்படாமல், முதலில் 'யூநேம் -ஆர்' என்று கேட்டுப் பாருங்கள்.